பவிலியன் பலகையில் என் முதலெழுத்து

என் மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட வந்தபோது கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. சிரித்து மழுப்பினேன். நீ தெஹிவளையில் இருக்கிறாய், நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். றெயில் ஏறினால் வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் வந்து சேரலாம். அப்படியிருந்தும் தபாலில் எழுதுகிறேன் என்றால், உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை என்றுதான் அர்த்தம். கோழைத்தனம் என்று நீ நினைத்தால் அது சரிதான். இதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து வாசிக்காதே. கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருந்து வாசி.

நீ படித்த அதே கல்லூரி உன்னை அந்த விளையாட்டு விடுதிக்கு வார்டனாகப் போட்டிருக்கிறது. அன்றைக்கு நீ மிகவும் சந்தோஷமாக இருந்தாய். புதிதாகக் கட்டிய மூன்று அறைகள், குளிக்கும் இடத்தில் தலைக்கு மேலே தண்ணீர் கொட்டும் குழாய், மைதானத்தில் பதித்த புதுப் புல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். அடுத்த கிழமை யாழ்ப்பாணம் போய் உயரம் பாயும் ஒரு பையனைப் பார்க்கப் போவதாகச் சொன்னாய். அவனுடைய தகப்பன் தயங்குகிறார், அவரை றெயிலில் கூட்டிவந்து எல்லாவற்றையும் காட்டினால் சம்மதித்துவிடுவார் என்றாய். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாய்: "அப்பா, அந்த நாளில உங்களுக்கு எதைக் காட்டிச் சம்மதிக்க வச்சவை? சொல்லுங்கோ, எனக்கு உதவும்."

நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "உன்ர அப்பாவை மடக்கிறதுக்குப் பெரிய வித்தை வேணுமோ? ஒரு கத்தரிக்காய்ப் பால்கறி போதும்!" என்றாள். நீ புரையேறும்வரை சிரித்தாய். நானும் சிரித்தேன். அவள் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதி அவளுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அந்த மீதியைத்தான் இப்போது எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த காலத்தில் நீ படித்த சின்னப் பள்ளிக்கூடத்துக்கு மைதானம் என்று ஒன்று இருக்கவில்லை. ஒரு ஈரப்பலா மரம், அதைச் சுற்றிக் கொஞ்சம் கல்லுத் தரை, அவ்வளவுதான். மரத்தைச் சுற்றி ஓடுவீர்கள். வளைவில் வழுக்கி விழுந்து முழங்கை உரிந்து வருவாய். அம்மா மஞ்சள் அரைத்துப் பூசுவாள், நீ கத்துவாய், அடுத்த நாள் மறுபடி ஓடுவாய். அப்படி ஓடின கால்களை ஒருநாள் பள்ளிக்கூடங்களின் போட்டியில் பெரிய கல்லூரியின் விளையாட்டு மாஸ்டர் பார்த்துவிட்டார். கால் மைல் ஓட்டம். சப்பாத்துப் போட்ட பிள்ளைகளுக்கு நடுவில் நீ ஒருவன்தான் வெறுங்காலோடு நின்றாய். கடைசியில் உன்னை முந்த ஒருவரும் இருக்கவில்லை. மூன்றாம் நாள் மாஸ்டர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஐயா, உங்கட பிள்ளைக்குக் கால் இருக்கு, தரைதான் இல்லை. தரையை நாங்கள் தாறம்" என்றார். என்ன வடிவான பேச்சு! கந்தோரில் நாள் முழுக்கப் பெரிய துரையின் ஏச்சைக் கேட்டுவிட்டு வந்த எனக்கு, ஒரு மனிதன் தொப்பியைக் கழற்றி "ஐயா" என்றதே போதுமாக இருந்தது.

அவர்கள் வைத்த நிபந்தனை ஒன்றுதான். ஓடுகிற பிள்ளைகள் விடுதியில் இருக்கவேண்டும். விடியக்காலையில் பயிற்சி, அளவான சாப்பாடு, நேரத்துக்கு நித்திரை. அம்மா துள்ளினாள். "ஒரே ஊரில தாய் தகப்பன் உயிரோட இருக்க, பிள்ளையை ஆற்றையோ வீட்டில படுக்க விடுறதோ? ஊர் என்ன கதைக்கும்?" என்றாள். நீ அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாய். நான் நடுவராகி, "முதலில நான் போய்ப் பாத்திட்டு வாறன்" என்றேன். என்னவோ நான் பெரிய பரிசோதகர் மாதிரி.

அந்தப் பரிசோதனையைக் கேள். ஒரு சனிக்கிழமை டிராமில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து றெயில் பிடித்துப் போனேன். மாஸ்டர் ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். முதலில் மைதானத்தைக் காட்டினார். தம்பி, அந்தப் புல்லை நீ பார்த்தவன்தானே, நான் என்ன சொல்ல! இரண்டு பேர் உருளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். என் செருப்போடு அதில் கால் வைக்கக் கூச்சமாக இருந்தது. பிறகு பவிலியன், மைதானத்து ஓரத்து விளையாட்டு மண்டபம். உள்ளே பெரிய மரப்பலகை, அதில் ஒவ்வொரு வருஷத்து அணித் தலைவனின் பெயரும் பொன் எழுத்தில். பிறகு விடுதி. இரும்புக் கட்டில், பஞ்சு மெத்தை, பூட்டுப் போட்ட அலுமாரி. எனக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். "நாங்கள் சைவம். அடுப்பில மச்சம் மாமிசம் கலந்திடுமோ?" என்று கேட்டேன். மாஸ்டர் நேரே என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். அங்கே தனி அடுப்பு, தனிப்பானை, தனித் தேங்காய்த் துருவலை. விபூதி பூசின ஒரு யாழ்ப்பாணத்துச் சமையல்காரர் நின்றுகொண்டு, "ஐயா, என்ர பானைக்குக் கிட்ட ஒருத்தரையும் வர விடமாட்டன்" என்றார். அப்படியே எனக்கு இலை போட்டார்கள். கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, ரசம். நான் இரண்டாம் முறையும் சோறு வாங்கினேன்.

சமையலறைக்குப் போகும் வழியில் ஒரு அறை பூட்டியிருந்தது. யன்னல் கண்ணாடியால் எட்டிப் பார்த்தேன். மேசை, நீள வாங்கு, கொஞ்சப் புத்தகம், எல்லாவற்றிலும் தூசி. "இது பிள்ளையள் இருந்து படிக்கிற அறை. திறப்பு ஆற்றையோ கையில போயிட்டுது" என்றார் மாஸ்டர். நான் சரி என்று தலையாட்டிவிட்டுக் கறி வாசம் வந்த பக்கம் நடந்தேன். மாடு வாங்கப் போகிறவன்கூடச் சுழி பார்ப்பான். பிள்ளையைக் கொடுக்கப் போன நான் பானை பார்த்தேன். யார் படிப்பிக்கிறார்கள், எப்போது படிப்பு, கால் பிசகினால் என்ன நடக்கும் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "ஒண்டுக்கும் யோசியாதை, துருவலைகூடத் தனி" என்றேன். அந்தத் தனிப்பானை எத்தனை நாள் இருந்தது என்று நீ எனக்குச் சொல்லவேயில்லை. சமையல்காரர் மாறினதும், மாஸ்டர் உனக்குப் பச்சை முட்டை குடிக்கத் தந்ததும் அம்மாவிடம் மட்டும் இரகசியமாகச் சொன்னாய். அவள் அதை என்னிடம் இரகசியமாகச் சொன்னாள். நான் தெரியாத மாதிரி இருந்தேன். ஏனென்றால் அப்போது நீ வென்றுகொண்டிருந்தாய்.

வென்றுகொண்டிருந்தாய் என்று எழுதும்போது இந்த வயதிலும் எனக்கு நெஞ்சு விரிகிறது, பார். அதுதான் என் வியாதி. இருபது வருஷமாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத பெரிய துரை, ஒருநாள் பத்திரிகையை மேசையில் விரித்து வைத்து, "இது உன் மகனா?" என்று கேட்டான். கந்தோர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு நான் ஜிந்துப்பிட்டிக் கோயில்வரை நடந்தே போய் முருகனுக்குத் தேங்காய் உடைத்தேன். நீ எப்படிப் படிக்கிறாய் என்று எவராவது கேட்டால், "அதெல்லாம் அவன் பாத்துக்கொள்ளுவான்" என்பேன். ஆனால் உண்மையில் நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். அந்த அறை பூட்டியிருந்ததால் குளிக்கிற இடத்து விளக்கடியில் இருந்து படித்ததாக உன் கூட்டாளி ஒருவன் பிறகு சொன்னான்.

இனித்தான் கஷ்டமான இடம். பள்ளிப் படிப்பை முடிக்கிற சீனியர் சோதனைக்கு ஆட்களைத் தெரிவுசெய்யக் கல்லூரியில் முதலில் ஒரு சோதனை வைத்தார்கள், உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். அதில் நீ தவறிவிட்டாய் என்று அவர்கள் சொன்னது அதைவிட நன்றாக ஞாபகம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம், மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். கையில் இரண்டு தாள். ஒன்று உன் சோதனைப் புள்ளிகள். மற்றது நான் கையெழுத்துப் போடவேண்டிய கடிதம். "பிள்ளை நல்லாச் செய்திருக்கிறான், ஐயா. அதுதான் எங்களுக்குக் கரைச்சல்" என்றார். நீ சீனியர் பாஸ்பண்ணினால் மேல்படிப்புக்குப் போய்விடுவாய், இன்னும் ஒரு வருஷம் ஓட உனக்கு வயது இருக்கிறது, இந்த வருஷம் சோதனைக்கு அனுப்பாமல் நிறுத்திவைக்கத் தகப்பன் சம்மதிக்கவேண்டும் என்றார். "வாற வருஷம் இவன்தான் தலைவன். பலகையில பேர் ஏறும்" என்றார்.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "பேரை எப்பிடி எழுதுவியள்?" என்று கேட்டேன். "இனிஷலோடதான் ஐயா" என்றார் அவர். நம் ஆட்களின் வழக்கத்தில் உன் பெயருக்கு முன்னால் நிற்கிற எழுத்து என் பெயரின் எழுத்து. எத்தனை கோப்புகளில் மற்றவன் கையெழுத்துக்குக் கீழே எழுதி எழுதித் தேய்ந்தவன் நான். என் எழுத்து பொன்னில், எல்லோரும் பார்க்கிற சுவரில்! ஆசை வெட்கமறியாது என்பார்கள். எனக்கு வெட்கம் மட்டுமல்ல, பிள்ளைகூட அந்த நேரத்தில் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

அதோடு நின்றிருந்தால்கூட மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வாய் இருந்திருக்கும். மாஸ்டர் படியிறங்கப் போனவர் திரும்பி, "பிள்ளைக்கு என்ன சொல்லுறது? அவன் சண்டைக்கு வருவானே" என்றார். "சோதனையில குறைஞ்சு போச்சு எண்டு சொல்லுங்கோ" என்றேன். நான்தான் சொன்னேன், தம்பி. அவர் அல்ல. இவ்வளவு காலமும் அந்தக் கல்லூரியை மனதுக்குள் திட்டி ஆறுதல் பட்டிருக்கிறேன். ஆனால் அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது.

அடுத்த நாள் நீ வீட்டுக்கு வந்தாய். தண்ணீர்க் குழாயடியில் குந்தி, முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாய். அழுதது தெரியக்கூடாதென்று கழுவினாய். "அப்பா, நான் தவறிட்டன். எனக்கு மூளை இல்லைப் போல" என்றாய். நான் உன் முதுகைத் தடவி, "பரவாயில்லை மோனை, அடுத்த முறை பாப்பம்" என்றேன். எப்படி அந்தக் கை அப்படித் தடவியது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அம்மா அந்த வருஷம் முழுக்க வெள்ளிக்கிழமை தோறும் உன் பாஸுக்காகப் பட்டினி இருந்தாள். நான் எதிரே இருந்து சாப்பிட்டேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். தலைவனானாய், பலகையில் பெயர் ஏறியது, பெரிய போட்டிக்கு முன் அந்த வடிவான புல்லிலேயே முழங்கால் திரும்பிப்போனது. ஒரு கிழமைக்குள் உன் கட்டிலில் வேறொரு பிள்ளை. உன் பெட்டியை றிக்ஷோவில் கொண்டுவந்து இறக்கினவர், மைதானத்தில் உருளை இழுத்த இருவரில் ஒருவரான சிங்களவர். எங்கள் வாசலில் நின்று, "ஐயோ மாத்தயா, அங்க கால் போனா கட்டிலும் போச்சு" என்று தெரிந்த தமிழில் சொன்னார். அந்த இடத்தில் உண்மை பேசின மனிதன் அவர் ஒருவர்தான். அவருக்கு நான் ஒரு கோப்பைத் தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை.

காலில் கட்டோடு சீனியர் எழுதினாய். மனம் விட்டுப்போனவன் எழுதின மாதிரி எழுதி, கடைசித் தரத்தில் பாஸானாய். யுத்தம் வந்தது, துறைமுகத்தில் மூட்டை எண்ணினாய், பிறகு தேகப்பயிற்சி படித்து மாஸ்டர் ஆனாய். இதில் எதையும் நான் குறைவாகச் சொல்லவில்லை. உழைத்து வந்தவன் நீ. ஆனால் எங்கே போனாலும் "எனக்குப் படிப்பு வராது, நான் மக்கு" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாயே, கலியாண வீட்டில் சொன்னாய், போன ஞாயிறும் சொன்னாய், அப்போதெல்லாம் நான் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இனி அப்படி இருக்க என்னால் முடியாது. எனக்கும் வயதாகிவிட்டது. வெள்ளைக்காரனே மூட்டை கட்டப்போகிறான் என்கிறார்கள், நான் எத்தனை நாளைக்கு இதைக் கட்டிக்கொண்டு இருப்பது?

நேற்று அம்மாவிடம் சொன்னேன். கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். சத்தம் போடுவாள் என்று பார்த்தேன், போடவில்லை. வெட்டினதை அப்படியே குப்பை வாளியில் கொட்டிவிட்டு, "அப்ப நான் பட்டினி கிடந்தது ஆருக்கு?" என்றாள். பிறகு கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, "அவன் யாழ்ப்பாணம் போறதுக்கு முன்னம் எழுதுங்கோ. நீங்கள் எழுதாட்டி நான் போய்ச் சொல்லுவன்" என்றாள். இன்று காலை தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஆகவே நீ கேட்டதற்குப் பதில் இதுதான். தனிப்பானையையும் பொன் எழுத்தையும் காட்டினார்கள், நான் மடங்கினேன். அந்த யாழ்ப்பாணத்துத் தகப்பனுக்கும் அவற்றையே காட்டினால் அவரும் மடங்குவார், எனக்குச் சந்தேகமில்லை. உனக்கு அது கைவந்த வேலையாகவும் ஆகிவிடும். அந்த மாஸ்டரும் கெட்ட மனிதரல்ல, உன்னைப் போலவே நல்ல மனதோடுதான் தொடங்கியிருப்பார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நீ என்னைச் சொல்லலாம். சொல், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் என் கண்தானே கெட்டது, உனக்குக் கண் இருக்கிறது. புல்லைக் காட்டு, குழாயைக் காட்டு, பிள்ளைகளுக்கு அது வேண்டும், வெறுங்காலோடு கல்லில் ஓடின உனக்கு நான் அதைச் சொல்லத் தேவையில்லை. சாப்பாட்டைப் பற்றி அந்தத் தகப்பன் கேட்பார், பொறுமையாகப் பதில் சொல். அதன் பிறகு, அவர் கேட்காவிட்டாலும், அன்று பூட்டிக் கிடந்த அந்தப் படிக்கிற அறைக்குக் கூட்டிப்போ. முன்னமே திறந்து, தூசி தட்டி, விளக்குப் போட்டு வை. கால் போனாலும் கட்டில் போகாது என்று பிரின்சிப்பலிடம் எழுத்தில் வாங்கி அவர் கையில் கொடு. பிரின்சிப்பல் தரமாட்டார் என்றால் அந்தப் பிள்ளையை அவன் வீட்டிலேயே விட்டுவிட்டு வா. கல்லில் ஓடட்டும். எந்தத் தாளையும் தகப்பனிடம் மட்டும் கொடுத்துக் கையெழுத்து வாங்காதே. பிள்ளை பக்கத்தில் இருக்கட்டும். தகப்பன்மாரை அவ்வளவு நம்பாதே.

இந்த ஞாயிறு நீ வருவாயோ தெரியாது. வந்தால் அம்மா இலை போடுவாள். நான் இருக்கிற இடத்தில் இருப்பேன். ஏசவேண்டுமென்றால் ஏசு, பேசாமல் இருக்கவேண்டுமென்றால் இரு. வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்டு ஆள் அனுப்பமாட்டேன். அந்தப் பலகையை நீ தினமும் கடந்து போகிறாய். அதில் முன்னால் நிற்கிற எழுத்து என்னுடையது, அதற்குக் கொடுத்த வருஷம் உன்னுடையது. அதைச் சுரண்டி எடுக்கச் சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் அதைக் கேட்கவும் எனக்கு உரிமை இல்லை.

மாஸ்டர் அன்றைக்கு இரண்டு தாள் கொண்டுவந்தார் என்றேன். கையெழுத்துப் போட்டதை அவர் கொண்டுபோனார். புள்ளித் தாளை என்னிடம் விட்டுப்போனார். என் பெட்டியின் அடியில், உன் சாதகத்துக்குள் மடித்து வைத்திருந்தேன். இந்தக் கடிதத்தோடு அது இருக்கிறது. மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருக்கும், பார்த்துப் பிரி. கடைசி வரியில் உன் இடம் போட்டிருக்கிறது. முப்பத்தொரு பிள்ளைகளில் நீ இரண்டாவதாக வந்திருந்தாய், மகனே.

அப்பா